மியாஸ்மா: கறையா, தீட்டா?

தந்தத்தில் செஞ்சாயம் ஏற்றுகிறாள் ஒரு பெண். குதிரையின் கன்னத்தில் கட்டும் அணி அது. அவள் மெயோனியாக்காரியாக இருக்கலாம், காரியாக்காரியாகவும் இருக்கலாம். இரண்டும் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த நாடுகள். அந்த அணிக்கு ஆசைப்படும் குதிரை வீரர்கள் பலர். அதுவோ அரசனுக்கென்று அறைக்குள் காத்திருக்கிறது.

இலியட் காப்பியத்தின் நான்காம் பாடலில் ஹோமர் வைக்கும் உவமை இது. டிராய் பக்கத்து வில்லாளி பாண்டரஸ் எய்த அம்பு கிரேக்க அரசன் மெனலாஸின் உடலைக் கீறுகிறது. குருதி தொடையில் இறங்கி, கெண்டைக்காலைத் தாண்டி, கணுக்கால் வரை வழிகிறது. தந்தத்தில் சாயம் ஏறுவதற்கும் தொடையில் குருதி படிவதற்கும் ஹோமர் ஒரே வினைச்சொல்லைத்தான் சொல்கிறார்: மியாய்னோ. பதினாறாம் பாடலில் அதே வினை இன்னொரு காட்சியில் வருகிறது. பத்ரோக்ளஸ் அணிந்திருந்த அக்கிலீஸின் தலைக்கவசம் கழன்று உருள்கிறது. அதன் குதிரைமயிர்க் குஞ்சம் குருதியிலும் புழுதியிலும் புரண்டு கறைபடுகிறது. அதுவரை அந்தக் கவசத்தில் புழுதி படிய முறை இடங்கொடுத்ததில்லை என்கிறார் கவிஞர்.

சாயம், குருதி, புழுதி ஆகிய மூன்றுக்கும் பொதுவான இந்த வினையிலிருந்துதான் ‘மியாஸ்மா’ என்ற பெயர்ச்சொல் பிறந்தது. பழங்கிரேக்கத்தில் ‘தூய்மைக்கேடு’ என்று நாம் எதைச் சொல்வோமோ அதற்கு அவர்கள் ஆண்ட முதன்மையான சொல் இது. அதே குடும்பத்தில் ‘மியாரோஸ்’ என்ற வசைச்சொல்லும் உண்டு. ‘அமியாந்தோஸ்’ என்றால் கறைபடாதது. நெருப்பில் இட்டால் எரியாமல், அழுக்கு மட்டும் நீங்கி வெளுத்து வரும் கல்நாருக்கு அந்தப் பெயர் நின்றது. சொல்லின் அடியில் இருப்பது, வெளியிலிருந்து வந்து ஒரு பரப்பில் ஏறிப் பிடித்துக்கொள்ளும் நிறம். இந்த அடிப்படையை விட்டுவிட்டால் சொல்லின் பின்னாளைய வரலாறு எதுவும் பிடிபடாது.

தமிழில் எந்தச் சொல்?

மியாஸ்மாவைத் தமிழாக்க முனைபவர் நாவில் முதலில் வருவது ‘தீட்டு’. பிறப்பு, இறப்பு, கோயில் நுழைவு, நாள் கணக்கு என்று எல்லாம் பொருந்துவதுபோலத் தெரியும். மை தீட்டுதல், ஓவியம் தீட்டுதல் என்று சாயத்தின் சாயலும் அந்த ஒலியில் இருப்பதால் மனம் இன்னும் துள்ளும். ஆனால் அந்தத் ‘தீட்டு’ வேறு, இந்தத் ‘தீட்டு’ வேறு. தூய்மைக்கேட்டைக் குறிக்கும் ‘தீட்டு’ தீண்டு என்ற வினையிலிருந்து வருவது. கிரேக்கச் சொல்லின் வேரில் நிறம் இருக்கிறது. தமிழ்ச் சொல்லின் வேரில் தொடுகை இருக்கிறது.

இந்த வேறுபாடு அகராதியோடு நிற்பதில்லை. நம் நாட்டில் தீண்டல் என்ற கருத்து, சில மனிதரைப் பிறப்பிலேயே தொடத்தகாதவர் ஆக்கும் கொடுமைக்குக் கருவியாயிற்று. கிரேக்கரின் மியாஸ்மா பெரும்பாலும் ஒரு நிகழ்வால் ஏற்படுவது. கொலை நடந்தால், சாவு விழுந்தால், குழந்தை பிறந்தால் அது படியும். சடங்கு செய்தால், நாள் கழிந்தால் நீங்கும். கிரேக்கச் சமூகம் அடிமைகளைச் சுரண்டிய சமூகம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடிமையின் கை பட்டால் எஜமானுக்கு மியாஸ்மா என்ற விதி அங்கே இருக்கவில்லை. அடிமைகள்தான் சமைத்தார்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டி வளர்த்தார்கள். மாதவிடாயைப் பற்றிய விலக்கும் செவ்வியல் காலக் கோயில் விதிகளில் காணப்படுவதில்லை. பிற்காலக் கல்வெட்டுகளில், அதுவும் பெரும்பாலும் அயல்நாட்டுத் தெய்வங்களின் கோயில்களில்தான் அது வருகிறது. ஆகவே ‘தீட்டு’ என்று எழுதிவிட்டால், கிரேக்கர் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். ‘கறை’, ‘மாசு’ என்ற இரண்டும் அருகில் வருகின்றன. எது எங்கே பொருந்தும் என்பதைச் சொல்லின் வாழ்க்கையே காட்டும்.

படகில் நின்ற குற்றவாளி

ஹோமரின் உலகில் கொலை செய்தவன் ஓடிப்போவது உறவினரின் பழிக்கு அஞ்சி. ஒடிசியில் தியோக்ளிமினஸ் என்ற நிமித்திகன், தன் குலத்தான் ஒருவனைக் கொன்றுவிட்டு வந்து டெலமக்கஸின் கப்பலில் இடம் கேட்கிறான். டெலமக்கஸ் தயங்காமல் ஏற்றிக்கொள்கிறான். கறை ஒட்டிவிடும், கடல் கொந்தளிக்கும் என்ற பேச்சே இல்லை.

கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் நிலைமை வேறு. அங்கே கொலை வழக்குகளைக் கூரையில்லாத வெளியில் விசாரித்தார்கள். கட்சிக்காரர்களுக்கு வழக்குப் பேச்சு எழுதிக் கொடுத்துவந்த ஆன்டிஃபோன் அதற்குக் காரணம் சொல்கிறார்: கையில் கறை உள்ளவன் இருக்கும் இடத்துக்குள் நீதிபதிகள் போகக் கூடாது; செத்தவனுக்காக வழக்காடுபவனும் கொன்றவனும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. ‘அரசர்’ என்ற பட்டம் தாங்கிய அதிகாரி, கொலை வழக்கை நடத்தும்போது தலையில் சூடிய மாலையைக் கழற்றி வைத்துவிடுவார். குற்றம் சாட்டப்பட்டவன் சந்தைவெளிக்கும் கோயில்களுக்கும் வரக் கூடாது என்று அறிவிப்பதும் அவர் வேலை.

இந்த அச்சத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கடற்கரையில் இருந்த ஃப்ரெயாத்தோ நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தெரியாமல் ஒருவனைக் கொன்று நாடுகடத்தப்பட்டவன்மீது, வேறொரு கொலைக்கு வழக்கு வருகிறது. அவன் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் ஊர் மண்ணை மிதிக்க அவனுக்கு உரிமை இல்லை. எனவே அவன் கரையோரம் ஒரு படகில் நின்றபடி வாதாடுவான். நீதிபதிகள் கரையில் உட்கார்ந்து கேட்பார்கள். நடுவில் ஒரு முழத் தண்ணீர். மண்ணுக்குக் கறை ஏறாமல் காப்பது அந்தத் தண்ணீர்தான். மனிதனுக்கு நீதி மறுக்கப்படாமல் காத்ததும் அதே ஏற்பாடுதான். ஆளைக் கொன்ற கல்லையும் இரும்பையும்கூட இன்னொரு நீதிமன்றத்தில் விசாரித்து எல்லைக்கு வெளியே எறிந்தார்கள்.

இவ்வளவும் இருக்க, வியப்பான ஒன்று உண்டு. டிராகோ கி.மு. 621 வாக்கில் இயற்றிய கொலைச் சட்டம் கி.மு. 409/408இல் மறுபடி கல்லில் வெட்டப்பட்டது. அந்தக் கல்லில் இன்று படிக்கக் கிடைக்கும் பகுதியில் மியாஸ்மா என்ற பேச்சே இல்லை. உறவினர் யார் யார் வழக்குத் தொடரலாம், யார் மன்னிக்கலாம் என்பதைத்தான் அது விரிவாகச் சொல்கிறது. சாகும் தறுவாயில் இருப்பவனே தன்னைக் கொன்றவனை மன்னித்துவிட்டால் வழக்குக்கே இடமில்லை என்ற வழக்கமும் ஏதென்ஸில் இருந்தது. குருதி மட்டுமே கறை என்றால் ஒருவர் வாய்ச்சொல் அதை எப்படித் துடைக்கும்? கறைக்குள்ளே இறந்தவரின் மனக்கொதிப்பும் உறவினரின் ஆற்றாமையும் உறைந்திருந்தன என்பதுதான் விடை. தீர்க்கப்படாத அநீதி ஊரின்மேல் நிறமாகப் படிகிறது. அந்த நிறத்துக்கு அவர்கள் இட்ட பெயர் மியாஸ்மா.

அறுந்த நூல்

கி.மு. 632 வாக்கில் சைலோன் என்பவன் ஏதென்ஸைக் கைப்பற்ற முயன்று தோற்றான். அவன் ஆட்கள் அதீனாவின் திருமேனியிடம் தஞ்சம் புகுந்தார்கள். வழக்கு விசாரணைக்கு இறங்கி வரச் சம்மதித்தவர்கள், தெய்வத்தின் காவல் விட்டுப்போகாதிருக்கத் திருமேனியில் ஒரு நூலைக் கட்டி, அதைப் பிடித்தபடியே இறங்கினார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். பாதி வழியில் நூல் அறுந்தது. தெய்வமே கைவிட்டது என்று சொல்லி, மெகக்ளீஸும் அவனோடு இருந்த அதிகாரிகளும் பாய்ந்து அவர்களைக் கொன்றார்கள்.

அந்தக் கொலையின் கறை மெகக்ளீஸின் அல்க்மேயோனிட் குடும்பத்தின்மேல் தலைமுறை தலைமுறையாக நின்றது. உயிரோடிருந்தவர்களைத் துரத்தியதோடு நில்லாமல், செத்தவர்களின் எலும்பையும் தோண்டி எடுத்து எல்லைக்கு வெளியே வீசினார்கள். ஊரைத் தூய்மை செய்யக் கிரீட் தீவிலிருந்து எபிமெனிடீஸ் வரவழைக்கப்பட்டார்.

இருநூறு ஆண்டு கழிந்தது. பெலொப்பனேசியப் போர் மூளும் நேரம். ஸ்பார்ட்டா தூதனுப்பி, தெய்வக் குற்றத்தை வெளியேற்றுங்கள் என்று ஏதென்ஸிடம் கேட்டது. குறி ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ், அவர் தாய் அந்த அல்க்மேயோனிட் குடும்பத்துப் பெண். துரத்திவிடுவார்கள் என்று ஸ்பார்ட்டா நம்பவில்லை, போருக்குக் காரணம் அவர்தான் என்று ஊரார் மனத்தில் விதைக்கவே அப்படிக் கேட்டது என்று துசிடிடீஸ் எழுதுகிறார். ஏதென்ஸும் சளைக்கவில்லை. நீங்கள் தஞ்சம் புகுந்தவர்களைக் கொன்ற குற்றத்தை முதலில் வெளியேற்றுங்கள் என்று திருப்பிக் கேட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இந்த வகைக் குற்றத்துக்குக் கிரேக்கர் ‘அகோஸ்’ என்ற தனிச்சொல்லை வைத்திருந்தார்கள். தெய்வத்தை நேராகச் சீண்டியதால் விழும் சாபம் அகோஸ். பரவிப் படியும் கறை மியாஸ்மா. இரண்டும் அடிக்கடி ஒன்றோடொன்று கலக்கும். ராபர்ட் பார்க்கர் 1983இல் வெளியிட்ட ‘மியாஸ்மா’ என்ற நூல் இந்த வேறுபாட்டைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறது. அந்தக் கறையை யார் யாரை நோக்கிக் கை நீட்டப் பயன்படுத்தினார்கள் என்பதையும் நாம் சேர்த்துக் கேட்க வேண்டும். கறை நிகழ்வால் ஏற்படுவது என்றேன். அதை ஒரு குடும்பத்தின் இரத்தத்தில் நிரந்தரமாக எழுதிவிட அரசியலுக்குத் தெரியும்.

பிறக்கவும் இறக்கவும் இடமில்லாத தீவு

சாவு நிகழ்ந்த வீட்டு வாசலில் கிரேக்கர் ஒரு பாத்திரத்தில் நீர் வைத்தார்கள். வேறு வீட்டிலிருந்து கொண்டுவந்த நீர் அது. துக்கம் கேட்டு வெளியே வருபவர் மேலே தெளித்துக்கொண்டு போவார். கோயில் வாசலிலும் நீர்த்தொட்டி இருக்கும். சிரீனி நகரில் கிடைத்த கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பிள்ளைபெற்றவள் இருக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கு மூன்று நாள் தூய்மைக்கேடு என்று விதிக்கிறது. இந்த இடத்தில்தான் நம் ‘தீட்டு’ மிக நெருங்கி வருகிறது.

கி.மு. 426/425 குளிர்காலத்தில் ஏதென்ஸ் இந்த எண்ணத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனது. அப்போல்லோ பிறந்த டெலோஸ் தீவில் இருந்த கல்லறைகள் எல்லாவற்றையும் தோண்டி அகற்றினார்கள். இனி இந்தத் தீவில் யாரும் சாகக் கூடாது, பிள்ளை பெறக் கூடாது என்று ஆணை பிறந்தது. சாவு நெருங்கியவரையும் பேறுகாலம் நெருங்கிய பெண்ணையும் எதிரே இருந்த ரேனியா தீவுக்குப் படகில் கொண்டுபோக வேண்டும். இடுப்புவலி கண்ட பெண்ணைப் படகில் ஏற்றி அலைமேல் அனுப்பும் காட்சியை நினைத்துப் பார்க்கலாம். அதே டெலோஸில்தான் லீட்டோ தேவி தங்கி அப்போல்லோவைப் பெற்றாள் என்று அவர்களே பாடினார்கள். சில ஆண்டுகளில், கி.மு. 422இல், பழைய குற்றம் ஒன்றைக் காரணம் காட்டி டெலோஸ் மக்கள் அனைவரையுமே ஏதென்ஸ் வெளியேற்றியது. மறு ஆண்டு திரும்ப அழைத்துக்கொண்டது. தூய்மையைத் தேடிக்கொண்டே போனால் கடைசியில் மனிதர்களே அழுக்காகத் தெரிவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கையிலா, மனத்திலா?

ஏதென்ஸ் மக்கள் இந்தச் சொல்லை அஞ்சி வணங்கிக்கொண்டே இருந்துவிடவில்லை. நாடக அரங்கில் அதைத் தூக்கி நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். சோஃபக்ளீஸின் ஈடிபஸ் நாடகத்தில் தீப்ஸ் நகரில் பயிர் கருகுகிறது, கால்நடை மடிகிறது, கருவிலேயே குழந்தைகள் சாகின்றன. நாட்டில் வளர்ந்திருக்கும் மியாஸ்மாவைத் துரத்துங்கள் என்ற டெல்ஃபியின் வாக்கைக் கிரியோன் கொண்டுவருகிறான். அந்தக் கறை யாரோ அவனோடு பேசக் கூடாது, வீட்டில் சேர்க்கக் கூடாது, சடங்கு நீர் தரக் கூடாது என்று ஆணையிடுகிறான் ஈடிபஸ். தேடிப்போனால் கறை அவன்தான். தந்தை என்று தெரியாமல் கொன்றான். தாய் என்று தெரியாமல் மணந்தான். சாயம் எண்ணத்தைப் பார்த்தா ஏறுகிறது? பட்டால் பட்டதுதான். ஆனால் அதே சோஃபக்ளீஸ் முதுமையில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் கி.மு. 401இல் அரங்கேறிய கொலோனஸ் நாடகத்தில், கண்ணிழந்த ஈடிபஸ் தலைநிமிர்ந்து வாதாடுகிறான்: அறியாமல் செய்தேன், சட்டத்தின் முன் நான் தூயவன்.

யூரிப்பிடீஸ் இன்னும் உள்ளே போகிறார். கி.மு. 428இல் அரங்கேறிய ‘ஹிப்போலிட்டஸ்’ நாடகத்தில், உன் கையில் இரத்தக்கறை இல்லையே என்று செவிலி கேட்கிறாள். கை தூய்மைதான், மனத்தில்தான் மியாஸ்மா என்கிறாள் ஃபீத்ரா. தோலின்மேல் இருந்த சொல் ஒரே வரியில் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. அவருடைய இன்னொரு நாடகத்தில் டாரிஸ் நாட்டு இஃபிஜீனியா கேட்கும் கேள்வி அதைவிடக் கூரியது: கொலை செய்தவனையும் பிள்ளைபெற்றவளையும் பிணம் தொட்டவனையும் பீடத்தருகே விடாத தெய்வம், நரபலியை மட்டும் எப்படி மகிழ்ந்து ஏற்கும்? எபிடாரஸ் அஸ்கிளீப்பியஸ் கோயில் வாசலில், தூயவர்களே உள்ளே வர வேண்டும், தூய்மையாவது நல்லெண்ணம் என்ற பொருளில் ஒரு பாட்டு பொறிக்கப்பட்டிருந்ததாகப் பார்ஃபிரி பதிந்திருக்கிறார்.

சடங்கின் மீதும் அடி விழுந்தது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில், தென்னித்தாலியில் கி.மு. 380 வாக்கில் செய்யப்பட்ட ஒரு கலம் இருக்கிறது. தாயைக் கொன்ற ஓரெஸ்டிஸ் அதில் உட்கார்ந்திருக்கிறான். அவன் தலைக்கு மேல் அப்போல்லோ ஒரு பன்றிக்குட்டியைப் பிடித்திருக்கிறார். அதன் குருதி சொட்டினால் கொலைக்கறை போகும் என்பது நம்பிக்கை. சேற்றை மிதித்தவன் சேற்றால் கழுவுவதுபோல இருக்கிறது என்று ஹெராக்ளிடஸ் அதற்கு நூறாண்டுக்கு முன்பே கடிந்திருந்தார்.

காற்றில் ஏறிய நிறம்

ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்று வலிப்புநோயைப் பற்றியது. கறைபட்டவர்களைக் கழுவுவதுபோல நோயாளிகளுக்குச் சடங்கு செய்பவர்களை அது சாடுகிறது. மிகத் தூயதான தெய்வம் மனித உடலைக் கறைப்படுத்தாது என்கிறது. ‘காற்றுகளைப் பற்றி’ என்ற இன்னொரு நூல் சொல்லையே தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. மனித இயல்புக்குப் பகையான மியாஸ்மாக்களால் காற்று நிறமேறும்போது கொள்ளைநோய் வருகிறதாம். அங்கே ஆளும் வினையும் நிறம் ஏற்றுதலைக் குறிப்பதுதான். தந்தத்தில் தொடங்கிய சாயம் காற்றுக்கு வந்துவிட்டது.

அந்தக் கெட்ட காற்று ஐரோப்பிய மருத்துவத்தை 19ஆம் நூற்றாண்டு வரை ஆண்டது. மலேரியா என்ற பெயரே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. லண்டனில் எட்வின் சாட்விக் நாற்றத்தையே நோயாகக் கருதிச் சாக்கடைச் சீர்திருத்தத்துக்குப் போராடினார். 1854இல் ஜான் ஸ்னோ, பிராட் தெருவின் அடிகுழாய் நீரோடு காலராவை இணைத்துக் காட்டினார். 1897 ஆகஸ்ட் 20இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். காற்றுக் கொள்கை வீழ்ந்தது. ஆனால் நோயைக் குற்றத்திலிருந்து பிரித்து, காற்றையும் நீரையும் ஆராய வேண்டிய பொருளாக்கிய அந்தப் பழைய மருத்துவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். குற்றத்துக்கும் புழுதிக்கும் பொதுவாக இருந்த நம் ‘மாசு’, இன்று ஆலைப் புகைக்கும் ஆற்றுக் கழிவுக்கும் பெயராகியிருக்கிறது. இந்த மருத்துவ மியாஸ்மாவுக்கு ‘மாசு’ என்ற சொல்லே பொருத்தம்; கொலைக்கும் சாபத்துக்கும் ‘கறை’ போதும்.

தீசியஸின் கை

‘தீட்டு’ என்ற சொல் முழுப் பொருளோடு வேண்டியிருக்கும் இடம் ஒன்றே ஒன்று. அதைச் சொல்லி முடிக்கிறேன். யூரிப்பிடீஸின் ‘ஹெரக்ளீஸ்’ நாடகத்தில், தெய்வம் ஏவிய வெறியில் நாயகன் தன் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றுவிடுகிறான். தெளிந்ததும் உண்மை தெரிகிறது. நண்பன் தீசியஸ் வருவதைக் கண்டு துணியால் தலையை மூடிக்கொள்கிறான். தன் கறை நண்பன்மேல் ஏறக் கூடாது, சூரியன்மேலும் படக் கூடாது என்பது அவன் தவிப்பு. தீசியஸ் அந்தத் துணியை விலக்கச் செய்கிறான். மனிதனாகிய நீ தெய்வத்தின் ஒளியைக் கறைப்படுத்த முடியாது என்கிறான். நண்பனிடமிருந்து நண்பனுக்குக் கேடு தாவாது என்கிறான். என் இரத்தம் உன் உடையில் பட்டுவிடும் என்று ஹெரக்ளீஸ் பதறுகிறான். துடைத்துக்கொள், எனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லித் தீசியஸ் கையை நீட்டுகிறான்.

தீசியஸ் கறை இல்லை என்று வாதாடவில்லை. இரத்தம் அங்கேதான் இருக்கிறது, தன் உடையிலும் அது படியும் என்று தெரிந்தே தொடுகிறான். கிரேக்கரின் கறைக்கு வேர் சாயம், நம் தீட்டுக்கு வேர் தொடுகை என்று பார்த்தோம். அந்தக் கறைக்கு அவர்கள் அரங்கில் கண்ட மிகச் சிறந்த மறுமொழியும் தொடுகைதான். எந்த வினையிலிருந்து நாம் விலக்கைச் செய்தோமோ, அந்த வினையாலேயே தீசியஸ் விலக்கை உடைக்கிறான். நண்பன் எழுந்து நிற்கிறான். தோளில் கை சேர்த்து இருவரும் ஏதென்ஸை நோக்கி நடக்கிறார்கள்.